ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு ஊரையே இடம் மாற்றியது ஏன்?

ஸ்காட்லாந்தில் 'திட்டமிட்ட கிராமம்' என்பது தானாக வளர்ந்த ஊர் அல்ல. நிலவுடைமைக் குடும்பம் ஒன்று வரைபடம் போட்டு உருவாக்கிய ஊர். மனைப்பிரிவு போடுவதைப் போலத்தான்: முதலில் தெருக்களைக் கோடு போட்டுப் பிரிப்பார்கள், வீடுகள் அப்புறம் வரும்.

ஸ்பே ஆற்றங்கரையில் உள்ள ஃபோக்கபர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். பழைய ஊர் கார்டன் குடும்பத்தின் கோட்டையை ஒட்டியே இருந்தது. நான்காவது கார்டன் பிரபு அலெக்சாண்டர் கோட்டையைப் பெரிதாக்கி, சுற்றிலும் பூங்கா அமைக்க விரும்பினார். அதற்கு ஊர் இடைஞ்சலாக இருந்தது. ஆகவே 1776 முதல் சற்றுத் தள்ளிப் புதிய ஊர் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஜான் பாக்ஸ்டர் நேரான தெருக்களையும் நடுவில் ஒரு சதுக்கத்தையும் வகுத்தார். பழைய ஊரின் சந்தைத் தூண், அதாவது சந்தை கூடும் இடத்தைக் குறிக்கும் கல்தூண், இன்னும் கோட்டை வளாகத்துக்குள் நிற்கிறது. அந்த ஊரின் நினைவாக நிற்கும் அதை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன்.

அழகு மட்டுமே காரணமல்ல. ஊர் வளர்ந்தால் கைத்தொழிலும் கடைகளும் பெருகும், குடும்பத்துக்கு மனை வருமானமும் வரும். அந்தக் காலத்தில் பல பிரபுக்கள் இப்படிக் கணக்குப் போட்டார்கள்.

கார்டன் பிரபுக்களின் நேர் வாரிசு 1836-இல் முடிந்தது. சொத்து ரிச்மண்ட் பிரபுவுக்குப் போனது. இருபதாம் நூற்றாண்டில் கோட்டையின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது, ஊர் நிலைத்துவிட்டது.

பலர் இதை, செம்மறி ஆட்டுப் பண்ணைகளுக்காக மேட்டுநிலக் குடியானவர்களை விரட்டிய வெளியேற்றங்களோடு குழப்புகிறார்கள். இங்கே மக்களுக்குப் பக்கத்திலேயே மாற்று ஊர் அமைந்தது.