காசு கொடுத்து நடந்து சாப்பிடணுமா?

கேள்வி: தென்காசியிலிருந்து என் கணவரின் பெரியப்பா குடும்பம், மொத்தம் ஆறு பேர், அடுத்த மாதம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். இரண்டு நாள் பினாங்கு கூட்டிப்போகலாம் என்று இருக்கிறோம். ஜார்ஜ்டவுனில் வழிகாட்டியோடு தெருத்தெருவாக நடந்து சாப்பிடும் சுற்றுலா இருக்கிறது, அதில் சேர வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். "நடக்கிறதுக்கும் சாப்பிடுறதுக்கும் இன்னொருத்தருக்குக் காசு கொடுக்கணுமா?" என்கிறார் கணவர். பெரியம்மா வெள்ளிக்கிழமை சைவம், மற்ற நாளில் மாட்டிறைச்சி தொடமாட்டார், முட்டிவலியும் உண்டு. என்ன செய்யலாம்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுக்கலாம் சகோதரி, ஆனால் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாசி கண்டார், அதாவது சோற்றில் பலவகைக் குழம்பு ஊற்றித் தரும் சாப்பாடு, அந்தக் கடையைக் கண்டுபிடிக்க வழிகாட்டி தேவையில்லை, வாசனையே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் உங்கள் விருந்தாளிகள் தென்காசிக்காரர்கள். பக்கத்து ஊர் கடையநல்லூர். அங்கிருந்தும் இராமநாதபுரம் பக்கமிருந்தும் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்கள்தான் பினாங்கில் இந்தச் சோற்றை விற்கத் தொடங்கியவர்கள். தோளில் ஒரு கழி, அதன் ஒரு முனையில் சோறு, மறு முனையில் கறி, அப்படியே துறைமுகத் தொழிலாளர்களைத் தேடி நடந்துபோய் விற்றிருக்கிறார்கள். அந்தக் கழிக்கு மலாயில் கண்டார் என்று பெயர், சாப்பாட்டுக்கும் அதுவே பெயராக நின்றுவிட்டது. தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடையை "மாமாக்" கடை என்கிறோமே, அதுவும் நம்முடைய மாமாதான். மலாய்க்காரர்கள் சொல்லும் "கெடாய்" நம்முடைய கடை. இதையெல்லாம் அந்தத் தெருவிலேயே நின்று, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பா கேட்டால் எப்படி இருக்கும்! வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை அப்படி ஒரு நடைக்கு அழைத்துப்போனேன். பதினாறு பேர் கூட்டம். மாட்டிறைச்சி ஆகாது என்று பணம் கட்டும்போதே சொல்லியிருந்தேன். வழிகாட்டி சரி சரி என்று தலையாட்டினார், அப்புறம் மறந்துவிட்டார். நாசி கண்டார் கடையில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் கோழிக்குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, அதே கரண்டியை மாட்டுக்கறிச் சட்டியில் விட்டு இன்னும் ஒரு கரண்டி என்று அம்மா தட்டில் ஊற்றிவிட்டார். "குவா பன்ஜிர்" என்பார்களே, சோறு மூழ்கும்படி எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றுவது, அந்தக் கடையின் ருசியே அதில்தான் இருக்கிறது, அவர் மேல் தப்பில்லை. அம்மா அந்தத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்குப் பசிக்கலப்பா" என்றார். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி வந்தவர். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், நீங்களும் விருந்தாளிகளும் சேர்ந்தால் ஒன்பது பத்துப் பேர் ஆகிவிடுவீர்கள், அந்நியர்களோடு சேராமல் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு நடை கேளுங்கள், அதுவும் தமிழ் பேசும் வழிகாட்டியாகக் கேளுங்கள். உரிமம் பெற்றவர்தானா என்று பாருங்கள், நகர வழிகாட்டிகளுக்குச் சுற்றுலா அமைச்சின் நீல அட்டை இருக்கும், கழுத்தில் மாட்டியிருப்பார்கள். எத்தனை கடை, எவ்வளவு தூரம், சாப்பாட்டுக் காசு சேர்த்தா சேர்க்காமலா, உட்கார இடம் உண்டா, இவ்வளவையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். எட்டுப் பத்துக் கடை என்று ஆசை காட்டுபவரை விட நான்கு கடையில் நிதானமாக நிற்க வைப்பவர் மேல். மூன்றாவது கடைக்கே வயிறு நிறைந்துவிடும். இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்கினால் போதும், அன்று பசியாறாமல் வரச்சொல்லுங்கள்.

பெரியம்மா விஷயம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அவருக்காக மட்டுமல்ல, மதியத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல மூடியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பினாங்கில் கண்ணுக்குத் தெரியாத கண்ணி நிறைய. சம்பல் என்னும் மிளகாய் விழுதில் பெலாச்சான் இருக்கும், அது இறாலை அரைத்துப் புளிக்க வைத்தது. அசாம் லக்சா என்னும் புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீன்தான். பசெம்பூர் என்னும் காய்கறிக் கலவையில் இறால் வடை இருக்கும். சார் குவே தியாவ் என்னும் வறுத்த தட்டை நூடுல்ஸைப் பன்றிக்கொழுப்பில் வறுக்கிற கடைகள் உண்டு, பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். தயங்காமல் அள்ளிக் கொடுக்கக்கூடியது செண்டோல்: தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பண்டான் இலைச்சாறு சேர்த்த பச்சை இழை, சிவப்பு பீன்ஸ், மேலே துருவிய ஐஸ். நாசி கண்டார் கடையில் வரிசையில் நிற்கும்போதே தமிழில் சொல்லிவிடுங்கள், "அண்ணே, மாட்டுக்குழம்பு படாம, வேற கரண்டியில ஊத்துங்க." பல கடைகளில் தமிழ் நன்றாகப் புரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முட்டிவலிக்கு: ஜார்ஜ்டவுனின் காக்கி லீமா, அதாவது கடை முகப்புக்குக் கீழே போகும் ஐந்தடி நடைபாதை, வெயிலுக்கு நல்ல நிழல். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரை ஓர் உயரம், இரண்டு அடி நடந்தால் ஒரு படி, நடுவில் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருப்பார்கள். காலை எட்டு மணிக்கோ மாலை ஐந்துக்கு மேலோ வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகல் வேண்டவே வேண்டாம். குவீன் தெரு மகாமாரியம்மன் கோவிலில் தொடங்கலாம், 1833இல் எழுந்த கோவில். அங்கிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் கொஞ்ச தூரம்தான். லிட்டில் இந்தியா முழுவதும் அந்தச் சுற்றுக்குள் அடங்கிவிடும்.

காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். நம் ஊர் நிலையத்திலேயே இடிஎஸ் என்னும் மின்சார விரைவு ரயில் நிற்கிறதே, பட்டர்வொர்த் வரை போய், நிலையத்தை ஒட்டியே இருக்கும் பெர்ரியில் ஏறினால் அக்கரை. துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம். விருந்தாளிகளுக்குப் பெர்ரிப் பயணமே ஒரு சந்தோஷம். ரயில் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பினாங்கு, ஈப்போவில் மட்டும்தான் இப்படி நடந்து சாப்பிடும் சுற்றுலா நடத்த முடியுமா? தோட்டம் சூழ்ந்த நம் ஊரில் நான் ஒன்று தொடங்கினால் யாராவது வருவார்களா?
— வாசகர், வயது 24, சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, கேட்டதே எனக்கு நிறைவாக இருக்கிறது. முதலில் ஒன்று, காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட உரிமம் வேண்டும், 1992ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதுவரை நண்பர்களை, உறவுக்காரர்களைக் கூட்டிப்போய்ப் பழகுங்கள். மேலே எழுதிய சகோதரியின் தென்காசி விருந்தாளிகளே உங்களுக்கு முதல் ஆட்களாக அமையலாம்.

சொல்வதற்கு நம் ஊரில் என்ன இல்லை? மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர் இது. ரப்பர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளியிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் கூட்டுறவுச் சங்கம் கண்டு, தோட்டத்தையே வாங்கிக் காட்டியவர். 1948இல் இந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் நாட்டில் அவசரகாலமே வந்தது. இதைச் சொல்லிக்கொண்டே காலை ஆறரைக்குச் சந்தைப் பக்கம் நடங்கள். வாழையிலையில் மடித்த நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆவியோடு தேங்காய்ப்பால் மணம் வரும், அந்த நேரம் தவறினால் சோறு ஆறிப்போகும். இடியாப்பம் இங்கே புட்டு மாயம், தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள், தேங்காய்ப்பாலோ குருமாவோ எதிர்பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் முதலில் முழிப்பார்கள், அப்புறம் இன்னொரு பொட்டலம் கேட்பார்கள்.

கூடவே ஒரு வேலை செய்யுங்கள். பால்மரம் வெட்டப் போன பாட்டிமார் விடியற்காலையில் என்ன கட்டிக்கொண்டு போனார்கள் என்று அவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். என் பாட்டி கறுப்புக் கோப்பியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு, பழைய சோறும் நெத்திலிச் சம்பலும் தூக்குச்சட்டியில் கொண்டுபோவார். அந்தச் சட்டியின் மூடியில்தான் கோப்பி ஊற்றிக் குடிப்பார். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.