பதினாறு வயதில் ஓய்வு

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங் கற்றுக்கொள்கிறாள், ஆசையாகத்தான் போகிறாள். இப்போது அவளுடைய கோச், "நல்ல திறமை இருக்கிறது, வாரத்தில் ஐந்து நாள் காலையில் வரட்டும், பள்ளியை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே படித்தால் இன்னும் நல்லது" என்கிறார். மிலான் ஒலிம்பிக்ஸில் அலிசா லியூ தங்கம் வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சு. அவர் எங்கள் பக்கத்துப் பெண், ஓக்லாண்டில் பழகியவர். "அவளுடைய அப்பா ஐந்து வயதிலேயே இறக்கிவிட்டார், அதனால்தான் பதிமூன்றில் சாம்பியன்" என்று என் கணவர் சொல்கிறார். எனக்கோ, எல்லோரும் அந்தப் பெண்ணை அவள் பாட்டுக்கு விட்ட பிறகுதான் அவள் ஜெயித்தாள் என்று தோன்றுகிறது. நீங்கள் விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். யார் சொல்வது சரி? பெயரைப் போட வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கணவர் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். இப்போது ஆள் இல்லாத பக்கம் அதுதான். மிலானுக்குப் பிறகு வந்த கட்டுரைகளைப் படித்தால், இரண்டு வருடம் ஊர் சுற்றிவிட்டு வந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே பனியில் இறங்கித் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனதாகத் தோன்றும். அப்படி நடக்கவில்லை. பதினெட்டு வயதில் திரும்பி வந்து ட்ரிபிள் லட்ஸ் என்ற மூன்று சுற்றுத் தாவலைக் குதிக்க வேண்டுமென்றால், பன்னிரண்டு வயதுக்குள் அது உடம்பில் ஏறியிருக்க வேண்டும். அலிசாவுக்கு ஏறியிருந்தது. ஏற்றிவிட்டவர் அப்பா.

ஆர்தர் லியூ சிச்சுவான் மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1989 மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதால் சீனாவை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அமெரிக்காவில் படித்து வழக்கறிஞரானார். வாடகைத்தாய் வழியாக ஐந்து பிள்ளைகள், அலிசா மூத்தவர். அமெரிக்க ஸ்கேட்டர் மிஷெல் குவானின் ரசிகர் என்பதால் மகளை ஐந்து வயதில் ஓக்லாண்ட் ரிங்க்குக்கு, அதாவது பனித்தளத்துக்கு, கூட்டிப் போனார். அங்கே குழு வகுப்பில் லாரா லிபெட்ஸ்கி என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டாள் பெண். 2019 ஜனவரியில் டெட்ராய்ட்டில் நடந்த அமெரிக்கத் தேசியப் போட்டியில், பதிமூன்று வயதில், ட்ரிபிள் ஆக்சல்கள் (மூன்றரைச் சுற்றுத் தாவல்கள்) குதித்துப் பட்டம் வென்றார். அதுவரை மிக இளைய சாம்பியன் டாரா லிபின்ஸ்கி, பதினான்கு வயதில். அந்தப் பரிசளிப்பு வீடியோவைப் பாருங்கள். மேடையின் உயரத்துக்கு இந்தப் பெண்ணால் ஏற முடியவில்லை, பக்கத்தில் நின்ற இருவர் கை கொடுத்துத் தூக்கிவிடுகிறார்கள். அடுத்த வருடமும் பட்டம் அவருக்கே. 2019 ஆகஸ்டில் ஜூனியர் போட்டி ஒன்றில் நான்கு சுற்றுத் தாவலான குவாட் லட்ஸைக் குதித்த முதல் அமெரிக்கப் பெண்ணும் ஆனார்.

எல்லோரும் அந்தக் குட்டி உருவத்தைப் பார்த்து நெகிழ்ந்தார்கள். எனக்கு அந்த உருவம்தான் மொத்தக் கதையின் முடிச்சாகத் தெரிகிறது.

காற்றில் இருக்கும் நேரம் முக்கால் நொடிகூடக் கிடையாது. அதற்குள் ட்ரிபிள் ஆக்சலுக்கு மூன்றரைச் சுற்று, குவாடுக்கு நான்கு. இன்னும் உயரமாகக் குதித்து நேரத்தைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வேகமாகச் சுற்ற வேண்டும். கைகளை மார்போடு இறுக்கி, கால்களைப் பின்னி, உடம்பை எவ்வளவு ஒடுக்க முடியுமோ அவ்வளவு ஒடுக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய, தோள் விரியாத, எடை குறைந்த பதிமூன்று வயது உடம்புக்கு இது இயல்பாக வரும். பதினாறில் அதே பெண் அதே பலத்தோடு குதித்தாலும் சுற்று முழுமையடையாமல் இறங்குவாள். அவளுடைய திறமை எங்கேயும் போய்விடவில்லை, எலும்பு வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பயிற்சியாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் இந்த விளையாட்டில் பெண்கள் விஷயத்தில் மட்டும் ஒரு விகாரமான அவசரம் எப்போதும் இருந்தது: உடம்பு மாறுவதற்குள் எடுக்கக்கூடியதை எடுத்துவிடு.

அதன் உச்சத்தை மாஸ்கோவில் பார்த்தோம். பயிற்சியாளர் எதெரி துத்பெரிட்ஸேயின் பள்ளியிலிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்ஸுக்கும் புதிதாக ஒரு பெண். 2014 சோச்சியில் யூலியா லிப்னிட்ஸ்காயா, பதினைந்து வயதில் அணித் தங்கம்; பத்தொன்பதில் பசியின்மை நோயோடு ஓய்வு. 2018இல் அலினா ஸகிடோவா, பதினைந்தில் தங்கம்; பதினேழில் போட்டிகளை நிறுத்திக்கொண்டார். 2022இல் கமிலா வலியேவா, பதினைந்து வயது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டி, பெய்ஜிங்கில் உலகமே பார்க்க விழுந்து விழுந்து எழுந்தார். அந்த இரவைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு குழந்தை அழுதுகொண்டு வெளியே வருகிறது, பயிற்சியாளர் முதலில் கேட்டது ஏன் போராடுவதை விட்டுவிட்டாய் என்று.

அதே பனித்தளத்தில்தான் அலிசாவும் ஆடினார். ஏழாவது இடம். வலியேவா தகுதி இழந்த பிறகு பதிவேட்டில் ஆறாவது. அந்தப் போட்டிக்கு வந்து சேர்ந்த பாதையைப் பார்த்தால் அதுவே பெரிய விஷயம். வளர்ச்சியும் இடுப்புக் காயமும் சேர்ந்து ட்ரிபிள் ஆக்சலைக் குலைத்துவிட்டன, குவாட் போயே போய்விட்டது. ஒலிம்பிக்ஸுக்குச் சில மாதம் முன்பு பயிற்சியாளர்களை மாற்றி, வீட்டை விட்டு கொலராடோ ஸ்பிரிங்ஸில் போய் இருந்தார். தேசியப் போட்டியின் நடுவில் கோவிட். இதெல்லாம் போதாதென்று, சீன அரசின் ஆட்கள் தன்னையும் மகளையும் உளவு பார்த்ததாக எஃப்.பி.ஐ. எச்சரித்தது என்று ஆர்தர் பிற்பாடு வெளியே சொன்னார். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் பதினாறு வயதுப் பெண்ணை பெய்ஜிங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். எந்தத் தகப்பனுக்கும் அது எளிய முடிவாக இருந்திருக்காது.

மார்ச்சில் உலகப் போட்டியில் வெண்கலம். ஏப்ரலில், இன்ஸ்டாகிராமில், ஓய்வு.

பிற்காலப் பேட்டிகளில் அவர் சொன்ன ஒரு விஷயத்தை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். கோவிட் காலத்தில் ரிங்க்குகள் மூடப்பட்டபோதுதான் தனக்கு முதல்முறையாக விடுமுறை என்று ஒன்று கிடைத்தது என்கிறார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. ஊரே தொற்றுக்குப் பயந்து முடங்கிக் கிடந்த நேரம், ஒரு தேசிய சாம்பியனுக்கு அப்பாடா என்று இருந்திருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தார், லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரியில் உளவியல் சேர்ந்தார், தோழிகளோடு சுற்றினார். ஏறக்குறைய இரண்டு வருடம் பனியைத் தொடவே இல்லை. 2024இன் தொடக்கத்தில் ஒரு பனிமலைச் சறுக்குப் பயணம். அந்த வேகம் பழைய ருசியைக் கிளப்பிவிட, சும்மா பார்க்கலாம் என்று ரிங்க்குக்குப் போனார். ஒருகாலத்தில் விலக்கப்பட்ட பழைய பயிற்சியாளர் ஃபிலிப் டிகுலியெல்மோவையே கூப்பிட்டுத் திரும்பி வரப் போகிறேன் என்றார். அவர் வேண்டாம் என்றுதான் வாதாடியிருக்கிறார். பெண் கேட்கவில்லை. மற்றொரு பயிற்சியாளர் மாசிமோ ஸ்காலியும் சேர்ந்துகொண்டார். ஆனால் இந்த முறை நிபந்தனைகள் பெண்ணுடையவை. பாட்டு நான் தேர்ந்தெடுப்பேன். உடை எப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். என்ன சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது. எப்போது ஓய்வு என்பதும் என் முடிவு. பயிற்சியில் அப்பா தலையிட மாட்டார்.

2025 மார்ச்சில் பாஸ்டனில் உலகப் பட்டம். அமெரிக்கப் பெண் ஒருவர் அதை வென்றது 2006க்குப் பிறகு அப்போதுதான். ஒரு பழைய டிஸ்கோ பாட்டுக்கு ஆடினார். ட்ரிபிள் ஆக்சல் இல்லை, குவாட் இல்லை. ஏழு ட்ரிபிள், எல்லாம் சுத்தம்.

இங்கே கொஞ்சம் கணக்கு போடலாம், ஏனென்றால் உங்கள் வீட்டு விவாதத்துக்கு இது உதவும். குவாட் லட்ஸின் அடிப்படை மதிப்பு 11.50. ட்ரிபிள் லட்ஸ் 5.90. ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே குவாடுக்கு ஓடுகிறார்கள். ஆனால் நான்கு சுற்றையும் முடித்து இறங்கும்போது விழுந்தால் மதிப்பில் பாதி போகும், அதற்குமேல் விழுந்ததற்கு ஒரு புள்ளி வெட்டு. மிச்சம் 4.75. நன்றாகக் குதித்த ஒரு ட்ரிபிள் லட்ஸுக்கு நடுவர்கள் சராசரியாக பிளஸ் மூன்று போட்டால் (ஒவ்வொரு பிளஸ்ஸும் மதிப்பில் பத்து சதவீதம்) 7.67. அலிசா இந்த இரண்டாவது வழியில் வென்றார். தாவுவதற்கு முன் வேகம் குறையாது, இறங்கியபின் முழங்கால் மெத்தென்று வளைந்து அடுத்த அடிக்கு ஓடும். அந்த முழங்காலைப் பதிமூன்று வயதில் அவரிடம் பார்க்க முடியாது. அப்போது சுற்று மட்டும் இருந்தது.

மிலானில், போட்டியின் இரண்டு பகுதிகளில் முதலாவதான குறுநிகழ்ச்சி முடிந்தபோது அலிசா மூன்றாவது. முதலிடத்தில் ஜப்பானின் அமி நகாய், பதினேழு வயது, ட்ரிபிள் ஆக்சலோடு. இரண்டாவது கவோரி சகமோட்டோ. நீள்நிகழ்ச்சியில் அலிசா ஒரு தவறும் செய்யாமல் மொத்தம் 226.79 எடுத்தார். 2002இல் சாரா ஹியூஸுக்குப் பிறகு பெண்கள் ஒற்றையரில் அமெரிக்காவுக்குக் கிடைத்த முதல் தங்கம். முடியில் மரத்தின் வளையங்கள்போல வெளுத்த வட்டங்கள், சிரித்தால் உதட்டுக்கு உள்ளே மின்னும் வளையம். இப்படி ஒரு ஒலிம்பிக் சாம்பியனை இந்த விளையாட்டு பார்த்ததில்லை.

சரி, இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். விட்டுவிட்டால் ஜெயிப்பாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சகமோட்டோ நீள்நிகழ்ச்சியில் ஒரு கூட்டுத் தாவலைத் தவறவிட்டார். இருவருக்கும் வித்தியாசம் இரண்டு புள்ளிக்கும் குறைவு. அந்த ஒரு தாவல் சரியாக அமைந்திருந்தால் அலிசாவுக்கு வெள்ளி, இந்தக் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டிருக்காது, நீங்களும் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். தங்கத்தை வைத்துக் குழந்தை வளர்ப்பைத் தீர்மானிக்கக் கூடாது. விட்டுப் போன பிறகு திரும்பாத பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய முடிவும் சரியான முடிவுதான், அவர்களைப் பற்றி நமக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

நான் இதில் கவனிப்பது ஒன்றைத்தான்: அந்தப் பெண்ணால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, சொன்னபோது வீடு இடிந்து விழவில்லை. அத்தனை பணமும் அத்தனை விடிகாலைகளும் செலவழித்த ஆர்தர், கடைசியில் ஒதுங்கி நின்றார். அவருடைய பிடிவாதத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒதுங்கி நின்றதைப் பற்றி ஒன்றிரண்டு வரிக்கு மேல் எங்கேயும் காணோம். மிலான் அரங்கில் உட்கார்ந்திருந்தபோது, குவானைப் பார்த்து ஆசைப்பட்ட அந்த மனிதர் பயிற்சியாளர் பக்கமே போக முடியாத வெறும் பார்வையாளர். உங்கள் கணவர் அவரை முன்மாதிரியாகக் கொள்ள விரும்பினால் இந்தப் பாதியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வந்தால், முதலில் வயது விதி. 2022 ஜூனில், பெய்ஜிங்குக்குப் பிறகு, சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்தியது. பதிமூன்றில் சாம்பியன் என்பது 2019இலேயே உள்நாட்டுப் பெருமை மட்டும்தான். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு சீனியர் சர்வதேசப் போட்டி எட்டு வருடம் தள்ளி இருக்கிறது. கோச் எந்த ரயிலைப் பிடிக்க ஓடுகிறார் என்று கேளுங்கள்.

அதற்காக ஒன்றும் செய்யாமல் இருக்கவும் முடியாது. இரண்டு சுற்றுத் தாவல்கள் இந்த வயதில் வராவிட்டால் அப்புறம் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை ஒரே காலில் விழுகிறது. பூட்ஸ் விறைப்பாக இருப்பதால் கணுக்கால் அதை வாங்கிக்கொள்ளாது, முழங்காலுக்கும் இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். ஆகவே எத்தனை மணி நேரம் என்பதைவிட, ஒரு வகுப்பில் எத்தனை தாவல், யார் எண்ணுகிறார்கள், வலிக்கிறது என்றால் கோச் என்ன செய்வார், வருடத்தில் பனியே தொடாத வாரங்கள் எத்தனை என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அதுவே பதில்.

பள்ளியை விடுவது பற்றி: இப்போது வேண்டாம். ரிங்க்கில் இருக்கும் எல்லோரும் அவளைத் தாவலை வைத்துத்தான் அளக்கிறார்கள். அவள் எந்தத் தாவலைத் தவறவிட்டாள் என்று தெரியாத தோழிகள் நான்கு பேராவது வேண்டும். காலை வகுப்பை ஐந்திலிருந்து மூன்றாகக் குறைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். கோடையில் ஒரு மாதம் முழுக்க நிறுத்துங்கள், எப்போது திரும்பப் போகலாம் என்று நீங்கள் கேட்காதீர்கள், அவள் கேட்கட்டும். கோச் இதற்கெல்லாம் ஒத்துவரவில்லையென்றால், உங்கள் பக்கத்தில் ரிங்க்குக்கும் பஞ்சமில்லை, கோச்சுக்கும் பஞ்சமில்லை.