மலைப்பாதையில் சைக்கிளுக்கு உரிமை உண்டா? கார் இடித்துவிட்டால் இழப்பீடு கேட்க முடியுமா?

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு சைக்கிளில் போகும்போது ஒரு கார்க்காரர், "லைசென்ஸ் இல்லை, டாக்ஸ் கட்டவில்லை, உனக்கெதற்கு ரோடு?" என்று கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். சீசன் நேரத்தில் இதை நானும் கேட்டிருக்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. அதனால்தான் நமக்கு லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. ரோட்டில் ஓட்டும் உரிமை அதனால் துளியும் குறையாது.

சொல்லப்போனால் பொறுப்பு அவர் பக்கம்தான் அதிகம். பாதசாரி, சைக்கிள்காரர் போன்றவர்களிடம் வண்டி ஓட்டுபவர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்று 2017-ல் வந்த ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. எதிரே தெரியாத வளைவில் முந்தக் கூடாது. மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். நம் ஊர் பஸ் டிரைவர்கள் இதைத் தானாகவே செய்வார்கள். கீழிருந்து வருகிறவர்களுக்குத்தான் புரிவதில்லை. ஆனால் சைக்கிளை இத்தனை அடி தள்ளி முந்த வேண்டும் என்று அளவு சொல்லும் விதி நம்மிடம் இல்லை. அதனால் ஏற்றத்தில் தார் விளிம்போடு ஒட்டிப் போகாதீர்கள். மெதுவாக ஏறும்போது சைக்கிள் ஆடத்தான் செய்யும், அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ஹார்னுக்குப் பயந்து மண்ணில் இறங்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இழப்பீடு விஷயம்தான் பலருக்குத் தெரியாது. நம்மிடம் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும், இடித்த வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்ஸிலிருந்து கேட்கலாம். கேரளா, கர்நாடகா வண்டியாக இருந்தாலும் அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் எல்லையில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். இடித்தவுடன் முதலில் நம்பர் பிளேட்டை போட்டோ எடுங்கள். அடி சின்னதாகத் தெரிந்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் விபத்து என்று பதிவு செய்யுங்கள், ஸ்டேஷனில் எஃப்ஐஆர் போடச் சொல்லுங்கள். "ஆயிரம் ரூபாய் தருகிறேன், விட்டுவிடுங்கள்" என்ற பேரம் அங்கேயே ஆரம்பிக்கும். முட்டியில் உள்காயம் இருந்தால் அது மறுநாள்தான் தெரியும்!

நிற்காமல் போய், எந்த வண்டி என்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் அதற்குத் தனித் திட்டம் உண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய்.

அப்புறம், மேகம் இறங்கும் நேரத்தில் பின்விளக்கு இல்லாமல் போகாதீர்கள். வழக்கு என்று வந்தால், சைக்கிள்காரர் மேலும் தவறு இருக்கிறது, தொகையைக் குறையுங்கள் என்று இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.