பல்கலைக்கழகத்தின் செலவுக்கு உங்கள் கார்டு எதற்கு?

கேள்வி: நெட்வொர்க் பாதுகாப்பு ஆய்வில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பணி நிரந்தரமாக இன்னும் 3 ஆண்டுகள் ஆகும். மாநாட்டுப் பயணம், மாணவர்களின் பதிவுக் கட்டணம், ஆய்வுக்கு வாங்கும் ரவுட்டர்கள், கிளவுட் சர்வர் வாடகை எல்லாவற்றையும் என் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, பிறகு பல்கலைக்கழகத்தில் பில் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். பணம் வர 5 மாதம் ஆகிறது. கார்டு பாக்கி 4 மாதச் சம்பளத்தைத் தொட்டுவிட்டது. மினிமம் தொகைதான் கட்டுகிறேன். சேமிப்பு 3 மாதச் சம்பளம் இருக்கிறது. அதைக் கிரிப்டோ ஸ்டேக்கிங்கில் (வருமானத்துக்காகக் கிரிப்டோ நாணயத்தைப் பூட்டி வைப்பது) போடச் சொல்கிறார் நண்பர். பக் பவுண்டி, அதாவது மென்பொருளில் பிழை கண்டு சொன்னால் நிறுவனங்கள் தரும் பரிசுப் பணத்தில் கடனை அடைக்கலாமா? நிறுவன வேலைக்கே போய்விடலாமா?

பதில்: கார்டு வட்டி அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. பல்கலைக்கழகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் நீங்கள் வட்டிக்கு வாங்கிய பணத்தில்.

மாதச் சம்பளத்தை 100 என்று வையுங்கள். ஒரு மாநாட்டுக்கு 60 செலவு. கார்டில் பாக்கி நின்றுவிட்டால் புதுச் செலவுக்குப் பொதுவாக வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வாங்கிய அன்றே வட்டி ஓடும். மாதம் 3 சதவீதம், 5 மாதம் என்றால் 9. அவர்கள் திருப்பித் தருவது 60, உங்களுக்கு ஆன செலவு 69. ஆண்டுக்கு மூன்று பயணம் போனால் 27; கால் மாதச் சம்பளத்துக்கு மேல் போய்விடுகிறது. இதற்கு எந்தப் பில்லும் கொடுக்க முடியாது.

'திடீரென்று வரும் செலவு' என்பீர்கள். உங்கள் துறையில் அப்படிச் சொல்ல இடமே இல்லை. பெரிய பாதுகாப்பு மாநாடுகள் எந்த மாதம் என்பது முன்பே தெரியும்: என்.டி.எஸ்.எஸ். பிப்ரவரியை ஒட்டி, ஐ.இ.இ.இ. பாதுகாப்பு மாநாடு மே மாதத்தில், யூஸ்நிக்ஸ் செக்யூரிட்டி ஆகஸ்டில், ஏ.சி.எம். சி.சி.எஸ். அதற்குப் பிறகு. கட்டுரை ஏற்கப்பட்டது மாநாட்டுக்கு வெகு முன்பே தெரிந்துவிடும். அன்றே முன்பணத்துக்கு எழுதிக் கொடுங்கள். பதிவுக் கட்டணத்தைத் துறையே நேரடியாகக் கட்டட்டும். மாணவர்களுக்கு யூஸ்நிக்ஸும் என்.டி.எஸ்.எஸ்-ஸும் பயண உதவித்தொகை தருகின்றன. முதலில் அதற்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வு நிதி விண்ணப்பத்தில் பயணம், கருவி, சர்வர் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்பணம் வரவில்லையா? கட்டுரையை உடன் எழுதியவர்களில் நிதி உள்ளவர் போய் வாசிக்கட்டும். மாணவர் ஏமாந்துபோவாரே என்ற உங்கள் கவலை நல்ல மனதில் வருவதுதான். ஆனால் அந்தப் பொறுப்பு துறைக்கு உரியது.

சர்வர் வாடகையை இந்த மாதமே உங்கள் பெயரிலிருந்து மாற்றுங்கள். இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. 2013-இல் வந்த இசட்மேப் என்ற ஸ்கேன் கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து இணையத்தின் மொத்த ஐ.பி.வி.4 முகவரிகளையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கும். அப்படி ஸ்கேன் செய்தால் உலகெங்கிலுமிருந்து புகார் வரும் என்பது நீங்கள் அறிந்ததே. கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

இனி கடன். சேமிப்பில் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் கையில் வையுங்கள், ஒப்பந்த வேலை என்பதால். மீதி 200-ஐ அப்படியே கார்டில் கட்டுங்கள். மிச்சமுள்ள 200-க்கு ஆண்டுக்கு 14 சதவீத அளவில் தனிநபர் கடன் கிடைத்தால் எடுக்கலாம். 2 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 10 வரும். இப்போது வட்டிக்கு மட்டுமே மாதம் 12 போகிறது, அசலில் ஒன்றும் குறையாமல். ஆனால் பழைய பழக்கம் தொடர்ந்தால் இந்தக் கடனை வாங்காதீர்கள். ஓராண்டில் கார்டும் நிரம்பி, தவணையும் சேர்ந்து நிற்கும்.

பக் பவுண்டியை வரவில் எழுதவே வேண்டாம். அதே பிழையை உங்களுக்கு முன் ஒருவர் சொல்லியிருந்தால் பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஸ்டேக்கிங் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. 2016-இல் 'தி டாவ்' என்ற கிரிப்டோ முதலீட்டு நிதியின் நிரலில் இருந்த ஓர் ஓட்டை வழியாக 36 லட்சம் ஈதர் நாணயங்கள் வெளியேறியதைப் படித்தவர் நீங்கள். கார்டை அடைத்தாலே ஆண்டுக்கு 36 சதவீதம் மிச்சம். இவ்வளவு உறுதியாக எந்த டோக்கனும் தராது.

நிறுவன வேலையைப் பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். முன்பணம் கேட்டு ஒரு மாநாட்டுச் சுற்று முடியட்டும். எழுதிக் கேட்டும் துறை மறுத்தால், அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.