வாக்யூம் கிளீனர் இழுக்கவில்லையா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்துகிறேன். எங்கள் வாக்யூம் கிளீனர் முன்னைப்போல் மண்ணை இழுப்பதில்லை, சத்தம் மட்டும் கூடிவிட்டது. மோட்டார் போய்விட்டதா?

சத்தம் கீச்சென்று உயர்ந்திருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டாம். வழி அடைபட்டால் காற்று உள்ளே வராது. தள்ளுவதற்குக் காற்றில்லாத மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும். பலர் அதைக் கேட்டுப் பயந்து நல்ல மெஷினைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

ஹோஸைக் கழற்றிவிட்டு மெஷினின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ, குழாயிலோ, தரையில் தேய்க்கும் தலையிலோ இருக்கிறது. இழுக்காவிட்டால் முதலில் பையையும் ஃபில்டரையும் பாருங்கள். சரி, ஹோஸ்தான் என்று தெரிந்தால், அதை நேராகத் தூக்கிப் பிடித்துச் சின்னப் போளை ஒன்றை உள்ளே விடுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கேதான் அடைப்பு.

நிலாவெளியில் ஒரு விடுதியின் ஹோஸைத் திறந்தபோது கைப்பிடி வளைவில் குறுக்கே ஒரு ஈர்க்குத் துண்டு மாட்டியிருந்தது. அதைச் சுற்றி நீளத் தலைமுடி, கால்மிதித் தும்பு, அதற்குமேல் அப்பிய கடல்மண். கடல்மண்ணில் உப்பு இருப்பதால் ஈரம் பிடிக்கும், காய்ந்ததுபோல் இருந்தாலும் ஒட்டும். மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த ஈர்க்கு இல்லாவிட்டால் அது வழுக்கிப் போயிருக்கும்.

தும்புத்தடியின் காம்பு நுனியில் பழந்துணி சுற்றி, அடைப்புக்குக் கிட்டிய வாய்ப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். கூரான கம்பியால் தயவுசெய்து குத்தாதீர்கள். ஹோஸின் மடிப்புகள் மெல்லியவை, உடனே கிழியும்.

அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் அடைப்புப் போகுமா? (கிண்ணியா)

போகாது. நுரை முடியைக் கரைக்காது. கட்டியை எடுத்தபிறகு மணம் இருந்தால் இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசுங்கள். ஹோஸுக்குள் மின்கம்பி ஓடினால் அதையும் செய்யக்கூடாது. அலசிய ஹோஸை நிழலில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள், மாரிக்காலத்தில் இரண்டு நாள். ஈரத்தோடு மாட்டினால் தூசி உள்ளே சேறாகிவிடும்.

பத்து நிமிடத்தில் மெஷின் தானாக நின்றுவிடுகிறது. பிறகு திரும்ப வேலை செய்கிறது. (உவர்மலை)

பெரும்பாலும் சூடுதான். இழுக்கும் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. அது குறைந்தால் சூடேறும், பல மெஷின்களில் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும். பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். அப்புறம் மேலே சொன்னபடி அடைப்பைத் தேடுங்கள், ஃபில்டரையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது சீக்கிரம் நிறையும். கருகல் மணம் வந்தால் மட்டும் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

ஹோஸில் அடைப்பில்லை, ஆனால் ஸ்ஸ் என்று சத்தம் வருகிறது.

ஓட்டை. மெஷின் ஓடும்போது ஹோஸ் நெடுகக் கையால் தடவினால் காற்று இழுக்கும் இடம் தெரியும். இன்சுலேஷன் டேப் சில வாரம் தாங்கும். ஓட்டை நுனிக்குப் பக்கத்தில் என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மூட்டைத் திரும்பத் திருகிவிடலாம். பல ஹோஸ்களில் அது திருகிக் கழற்றும் மூட்டுத்தான்.