மலைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு எந்த அன்டனா? கேள்வியும் பதிலும்

டீவி அன்டனா பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைப் பல பேர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து: அண்ணே, ஹட்டன் கடையில் "டிஜிட்டல் அன்டனா" என்று ஒன்று காட்டினார்கள். கையளவுதான் இருக்கிறது. கூரையில் இருக்கும் பழையதைக் கழற்றிவிட்டு இதைப் போடலாமா?

அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம் தம்பி. அன்டனாவுக்கு டிஜிட்டலும் தெரியாது, அனலொக்கும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அலைநீளம் மட்டும்தான். டீவி சனல்கள் வரும் வீ.எச்.எஃப். என்ற அலைவரிசையின் மேல் பட்டை 174 முதல் 230 மெகாஹேர்ட்ஸ் வரை. அதைப் பிடிக்கும் கம்பி ஏறக்குறைய 75 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். அதற்கு மேலே யூ.எச்.எஃப். என்ற அலைவரிசை 470இல் தொடங்குகிறது. 600 மெகாஹேர்ட்ஸுக்கு 25 சென்ரிமீற்றர் கம்பி போதும். கையளவு அன்டனா யூ.எச்.எஃப். சனல்களை ஓரளவு பிடிக்கும், வீ.எச்.எஃப். சனல்கள் போய்விடும். கடைக்குப் போகும்போது அட்டையில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று. நமது இலங்கை டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானியருடைய ஐ.எஸ்.டி.பி-டி முறையைத் தெரிவு செய்தது 2014இல். மாற்றம் இன்னும் முடிந்தபாடில்லை. கூரை அன்டனாவில் இன்றைக்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய அனலொக்தான். நல்ல யூ.எச்.எஃப். அன்டனா ஒன்று வைத்திருந்தால் நாளைக்கு டிஜிட்டலுக்கும் அதுவே உதவும்.

பொகவந்தலாவையிலிருந்து: எங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடு) மலைக்கு அடியில். படம் இரட்டையாகத் தெரிகிறது. இன்னும் பெரிய அன்டனா வாங்கினால் சரியாகுமா அண்ணே?

பெரியது வாங்குவதற்கு முன்னால் அந்த இரட்டைப் படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நேராக வரும் அலை ஒன்று, எதிர் மலையில் பட்டுத் திரும்பி வரும் அலை ஒன்று. பின்னால் வருவது வலப்பக்கம் நிழலாக விழுகிறது. 24 அங்குல டீவியில் அந்த நிழல் 1 சென்ரிமீற்றர் தள்ளி நின்றால், திரும்பி வந்த அலை சுமார் 300 மீற்றர் கூடுதலாகச் சுற்றியிருக்கிறது என்று கணக்கு. 2 சென்ரிமீற்றர் என்றால் 600 மீற்றர். வாசலில் நின்று பார்த்தால் எந்தச் சரிவு குற்றவாளி என்று அநேகமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

கண்டுபிடித்த பிறகு அந்தச் சரிவுக்கு அன்டனாவின் முதுகைக் காட்டுங்கள். நிறையக் கம்பிகள் வைத்த நீட்டு யாகி அன்டனா இங்கேதான் உதவும். முன்னால் வருவதை நன்றாக வாங்கும், பின்னாலும் பக்கத்திலும் வருவதைத் தள்ளிவிடும். சில லயங்களில் நேர்அலையே வருவதில்லை, மலை முழுதாக மறைத்துவிடுகிறது. அங்கே எதிர்ப்பக்கப் பாறையைப் பார்த்து அன்டனாவைத் திருப்பினால், திரும்பி வரும் அலையிலேயே தெளிவான படம் கிடைப்பதுண்டு. ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் பிதுருதலாகலை மலை உங்களுக்கு வடக்கே சற்றுக் கிழக்காக இருக்கிறது, 2524 மீற்றர் உயரம். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாகிவிட்டது, படமில்லை என்றால், நாலாபக்கமும் திருப்பிப் பார்ப்பதில் தப்பேயில்லை.

இடம் முக்கியம். குழாயை அரை மீற்றர் நகர்த்தினாலே படம் மாறும். தகரக் கூரையை ஒட்டி வைக்காமல், குறைந்தது ஒரு மீற்றராவது மேலே தூக்குங்கள். மேலே தேயிலை மேட்டில் இடம் கிடைத்தால் அங்கே நட்டு, கேபிளைக் கீழே இழுப்பது இன்னும் நல்லது. அப்படிச் செய்தால் பூஸ்டர் தேவைப்படும். அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

டிஜிட்டல் வந்துவிட்டால் இந்த நிழல் தொல்லை இருக்காது. கொஞ்சம் பிந்தி வரும் எதிரொலியை அந்த முறை தாங்கிக்கொள்ளும். ஆனால் அலை ஒரு அளவுக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். புள்ளி புள்ளியாகவாவது நாடகத்தைப் பார்த்து முடிக்கிற வசதி அதோடு போய்விடும்.

லுணுகலையிலிருந்து: டீவிக்குப் பின்னால் பூஸ்டர் போட்டோம். புள்ளி குறையவே இல்லை.

குறையாது. பூஸ்டர் வந்ததைப் பெரிதாக்கும், வராததைக் கொண்டு வராது. கேபிளுக்குள் அலை தேய்ந்த பிறகு பெரிதாக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். யூ.எச்.எஃப். அலை சாதாரண ஆர்.ஜி.-6 கேபிளில் 15 மீற்றர் ஓடினாலே ஏறக்குறைய பாதி போய்விடும். அதனால் பூஸ்டரின் இடம் கம்பத்தின் உச்சி, அன்டனாவுக்குப் பக்கத்தில். மின்சாரம் கேபிள் வழியாகவே மேலே போகும் வகை கடையில் கிடைக்கும், அதைக் கேளுங்கள்.

அதற்கு முன் மேலே இருக்கும் இணைப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் காசு பூஸ்டருக்கு அல்ல, புதுக் கேபிளுக்குப் போக வேண்டும். நம்ம மழைக்கும் பனிக்கும் மூடாத இணைப்பு அதிக நாள் தாங்காது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஒரே அன்டனாவிலிருந்து பக்கத்து வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால் அதிலும் பாதி போகிறது.

நுவரெலியாப் பக்கம் கோபுரத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் பூஸ்டரே போட வேண்டாம். அளவுக்கு மேல் அலை ஏறிப் படம் கெடும்.

தலவாக்கலையிலிருந்து: அக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்த டீவியில் டிஜிட்டல் இருக்கிறது என்கிறார்கள். இங்கே வேலை செய்யுமா?

அனலொக் வேலை செய்யும், கவலை வேண்டாம். அங்கே விற்கும் டீவிகளில் இருப்பது பெரும்பாலும் டி.வி.பி-டி2 என்ற டிஜிட்டல் முறை. நாம் தெரிவு செய்தது வேறு முறை. இங்கே டிஜிட்டல் வரும்போது தனிப் பெட்டி ஒன்று வாங்கிச் செருகினால் சரி.

லிந்துலையிலிருந்து: அன்டனாவோடு போராடுவதைவிட டிஷ் போட்டுவிடலாமா?

பள்ளத்தாக்குக்குள் இருந்தால் போடுங்கள். டிஷ் பக்கவாட்டில் பார்ப்பதில்லை, மேலே பார்க்கிறது. இந்தியாவின் டி.டி. ஃப்ரீ டிஷ் என்ற இலவச டீவிச் சேவை வரும் 93.5 பாகைக் கிழக்குச் செயற்கைக்கோள் நமக்கு 73 பாகை உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேல். எந்த மலையும் மறைக்காது. அடைமழையில் மட்டும் படம் போகும், மழை விட்டதும் வரும். மாதக் கட்டணம் கட்டும் இணைப்பா, இலவசமா என்பதை வாங்கும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பசறையிலிருந்து: இடி இடிக்கும்போது டீவி சுவிட்சை அணைத்தால் போதுமா அண்ணே?

போதாது. பிளக்கையும் கழற்ற வேண்டும், அன்டனாக் கேபிளையும் கழற்ற வேண்டும். பலர் கேபிளை மறந்துவிடுகிறார்கள். அதுவும் இடி கேட்கத் தொடங்கிய பிறகு தொடக்கூடாது, வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழை இடியோடுதான் வரும். அந்த மாதங்களில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு டீவி பார்க்காதபோது கழற்றியே வைத்தாலும் நட்டமில்லை. இரும்புக் குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் நிலத்தில் அடித்த உலோகக் கூரோடு இணைத்துவிடுங்கள்.

இடியைவிட எனக்குப் பயம், குழாயைத் தூக்கி நிறுத்தும் நேரம்தான். லயத்துக்கு மேலே ஓடும் மின்கம்பியில் குழாய் சாய்ந்தால் பிடித்திருப்பவர் தப்புவது கடினம். குழாய் எவ்வளவு நீளமோ அதைவிடக் கூடுதலான தூரம் மின்கம்பியிலிருந்து தள்ளி நடுங்கள், காற்றுள்ள நாளில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.