'எண்டெவர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'முயற்சி' என்பது போதுமா?

பெரும்பாலும் போதாது. கடமை எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த 'எண்டெவர்', நீண்ட காலம் விடாமல் உழைத்து முடிக்க வேண்டிய பெரிய காரியத்தைக் குறிப்பதால், 'பெருமுயற்சி' என்பதே அதற்கு நெருக்கமானது. இறுகிய மூடியைத் திருகிப் பார்ப்பது 'அட்டெம்ப்ட்'. பத்து ஆண்டுகள் உழைத்து அகராதி தொகுப்பது எண்டெவர். நட்டத்துக்கும் துணிந்து இறங்கினால் 'வென்ச்சர்', பொறுப்பேற்றுச் செய்தால் 'அண்டர்டேக்கிங்'. 1768இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் பசிபிக் பயணத்துக்குக் கொண்டுசென்ற கப்பலின் பெயரும் 'எண்டெவர்'தான். 1992இல் முதன்முதலாகப் பறந்த அமெரிக்க விண்வெளி ஓடம் அப்பெயரை, பிரித்தானிய எழுத்துக்கூட்டலைக்கூட மாற்றாமல், ஏற்றுக்கொண்டது. அன்றாடப் பேச்சில் இச்சொல் சற்று மிடுக்காகவே ஒலிக்கும். 'தங்கள் முயற்சிகள் யாவும் வெற்றி பெறுக' என்று ஆங்கிலத்தில் வாழ்த்துமடல் எழுதும்போது அது இயல்பாகப் பொருந்தும்.